சிங்கப்பூரில் வேலையிடத்தில் அடிபட்டால்: முதல் எம்.சி.யிலிருந்து இழப்பீட்டுப் பணம் கைக்கு வரும்வரை

சைட்டில் விழுந்து கை முறிந்தவருக்கும் கப்பல் யார்டில் இரும்புத் தகட்டுக்குள் விரல் சிக்கியவருக்கும் சிங்கப்பூரில் உள்ள சட்டம் ஒன்றே. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் என்பது அதன் பெயர். 2019ல் நிறைவேறிய புதிய வடிவம் 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பேச்சு வழக்கில் 'விக்கா' என்பார்கள். 'இன்சூரன்ஸ் கேஸ்', 'எம்.ஓ.எம். (மனிதவள அமைச்சு) கேஸ்' என்று தங்குவிடுதிகளில் சொல்வதும் இதைத்தான்.

இந்தச் சட்டத்தில் யார் மேல் தப்பு என்ற கேள்வியே கிடையாது. நீங்களே கவனக்குறைவாக இருந்து அடிபட்டிருந்தாலும் இழப்பீடு உண்டு. அடிபட்டது வேலை நேரத்திலா, வேலையாலா என்பது மட்டுமே கேட்கப்படும். அதனால்தான் "நீ பெல்ட் போடவில்லை, உனக்கு ஒன்றும் கிடைக்காது" என்று சூப்பர்வைசர் மிரட்டுவதை நம்ப வேண்டியதில்லை. உங்கள் வயதோடு சேர்த்து, தொகையை முக்கியமாக முடிவு செய்பவை இரண்டு எண்கள்: உங்கள் சராசரி மாத வருமானம், உடலில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஊனத்தின் சதவீதம். இவ்விரண்டும் எந்தத் தாள்களிலிருந்து எடுக்கப்படுகின்றனவோ, அவற்றில் பெரும்பாலானவை விபத்துக்கு முந்திய மாதங்களிலும் அடுத்த சில நாட்களிலுமே உருவாகிவிடுகின்றன. ஆறு மாதம் கழித்து ஓடுவதைவிட முதல் நாளில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது பெரிது.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் எவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். உள்ளூர்க்காரரா வெளிநாட்டவரா, என்ன சம்பளம், என்ன வயது என்பதெல்லாம் கணக்கில்லை. வீட்டுப் பணிப்பெண்கள், சொந்தமாகக் குத்தகை எடுத்துச் செய்பவர்கள், ராணுவம், போலீஸ் போன்ற சீருடைப் பணியாளர்கள் இதில் வரமாட்டார்கள். உடலுழைப்பு வேலை செய்யும் எல்லாருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், கம்பெனி காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காத முதலாளிக்கு 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி காப்புறுதி எடுக்கவில்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது, முதலாளியே கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

கம்பெனி ஏற்பாடு செய்த லாரியிலோ வேனிலோ சைட்டுக்குப் போகும்போது அடிபட்டால் அதுவும் வேலையிட விபத்துதான். நீங்களாக எம்.ஆர்.டி.யிலோ பஸ்ஸிலோ சைக்கிளிலோ போய் வரும்போது அடிபட்டால் பொதுவாக இதில் சேராது. மது அல்லது மருத்துவர் எழுதித் தராத போதைப்பொருளின் மயக்கத்தில் நடந்தது, தானே வேண்டுமென்று செய்துகொண்டது, கைகலப்பில் பட்டது ஆகியவையும் விலக்கு. கைகலப்பில் மட்டும் தற்காப்புக்காகவோ மேலிட உத்தரவின்படி விலக்கிவிடப் போயோ பட்ட காயத்துக்கு இடம் உண்டு. விபத்து மட்டுமல்ல, வேலையால் வந்த சில நோய்களும் சேரும். இரைச்சலால் காது மந்தமாவதும் சிமெண்ட், ரசாயனம் பட்டு வரும் தோல் நோயும் கட்டுமானத்திலும் யார்டுகளிலும் அதிகம் கேள்விப்படுபவை.

முதல் நாள்

உடனே சூப்பர்வைசரிடமோ சேஃப்டி அதிகாரியிடமோ சொல்லுங்கள். வாயால் சொன்னது போதாது. "இன்று காலை 10.20க்கு மூன்றாவது மாடியில் ஏணியிலிருந்து விழுந்தேன், வலது மணிக்கட்டில் அடி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். தமிழில் அனுப்பினாலும் பரவாயில்லை. அதில் நேரமும் தேதியும் தானாகப் பதிந்துவிடுகின்றன, பிறகு யாராலும் மாற்ற முடியாது. முடிந்தால் இடத்தின் படம், உடைந்த ஏணியின் படம், காயத்தின் படம். உங்களால் முடியாவிட்டால் கூட இருக்கும் நண்பரை எடுக்கச் சொல்லுங்கள். பார்த்தவர்களின் பெயரும் அவர்களின் ஊர் போன் எண்ணும் வாங்கி வைக்கவும். சிங்கப்பூர் எண் மட்டும் இருந்தால், அவர்கள் வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போனபின் பிடிக்க முடியாது.

அடுத்தது டாக்டர். இங்கேதான் அதிகம் கெடுகிறது. கம்பெனி ஆள் கூடவே கிளினிக்குக்கு வருவார். "ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல், கம்பெனிக்குப் பிரச்சினை வேண்டாம், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார். அப்படிச் சொன்னால் டாக்டர் அதை அப்படியே கணினியில் தட்டிவிடுவார். ஆறு மாதம் கழித்து வழக்கு நடக்கும்போது, காப்புறுதி நிறுவனம் முதலில் வரவழைத்துப் பார்ப்பது அந்த முதல் மருத்துவக் குறிப்பைத்தான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது, எப்படி. ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா என்று கேளுங்கள். கம்பெனி ஆளை மொழிபெயர்க்க விடாதீர்கள். வலி இருக்கும் எல்லா இடத்தையும் சொல்லிவிடுங்கள். முறிந்த கையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இடுப்பு வலியை இரண்டு மாதம் கழித்துச் சொன்னால், அது இந்த விபத்தால் வந்தது என்று நிரூபிப்பது பெரும் பாடு.

பலத்த அடி என்றால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போவது நல்லது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மருத்துவமனை கம்பெனியிடம், செலவை ஏற்பதாக உத்தரவாதக் கடிதம் கேட்கும். கம்பெனி அதை இழுத்தடித்தால் உங்கள் தேதி தள்ளிக்கொண்டே போகும். அப்போது மருத்துவமனையின் சமூகசேவை அதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள், மனிதவள அமைச்சுக்கும் தெரிவியுங்கள். வேலையிடக் காயத்தின் மருத்துவச் செலவை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

எம்.சி. என்ற சிறு தாள்

எம்.சி. என்பது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்று. அதை வாங்கியதும் பைக்குள் வைக்காமல் முதலில் படியுங்கள். அதில் விடுப்பு எந்த வகை என்று இருக்கும்: வெளிநோயாளி விடுப்பா, மருத்துவமனை விடுப்பா. வீட்டிலோ தங்குவிடுதியிலோ படுத்திருந்தாலும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓய்வெடுக்க மருத்துவமனை எழுதிக் கொடுப்பது இரண்டாவது வகையாக இருக்கலாம். இந்த வித்தியாசம் நேரே பணம். வெளிநோயாளி விடுப்பு என்றால் 14 நாள் வரை முழுச் சம்பளம், மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதைத் தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை. வழக்கமான சம்பளத் தேதியில் இந்தப் பணம் வந்துவிட வேண்டும். கேஸ் முடிந்தபின் தருகிறோம் என்பது தவறு.

'லைட் டூட்டி' (இலகுவான வேலை) என்று எழுதிக் கொடுத்து வேலைக்கு அனுப்புவது இன்னொரு பழைய தந்திரம். முன்பு 3 நாளுக்கு மேல் எம்.சி. போனால்தான் கம்பெனி அமைச்சுக்கு அறிக்கை தர வேண்டும் என்று இருந்தது. அதனால் 2 நாள் எம்.சி.யோடு நிறுத்திவிட்டு, மீதியை லைட் டூட்டி ஆக்கினார்கள். கையில் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு 2 நாள் எம்.சி. கொடுத்து லைட் டூட்டிக்கு அனுப்பிய எலும்பு மருத்துவரை, 2016ல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 6 மாதம் தொழில் செய்யத் தடை விதித்துத் தண்டித்தது. 2020 செப்டம்பருக்குப் பிறகு அந்தத் தந்திரத்துக்கே வேலை இல்லை. ஒரு நாள் எம்.சி. ஆனாலும் சரி, வெறும் லைட் டூட்டி ஆனாலும் சரி, வேலையிட விபத்தால் என்றால் கம்பெனி அறிக்கை தந்தாக வேண்டும். லைட் டூட்டியில் இருந்து ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இல்லாமல் சம்பளம் குறைந்தால் அந்தக் குறைவையும் கேட்கலாம். லைட் டூட்டி என்று எழுதியிருக்க, சைட்டில் மூட்டை தூக்கச் சொன்னால் அதையும் படம் எடுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள்.

அறிக்கையும் கோரிக்கையும் ஒன்றல்ல

கம்பெனி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு விபத்தை அறிவிக்க வேண்டும். தவறினால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். "ரிப்போர்ட் போட்டாச்சு" என்று கம்பெனி சொன்னால் நகல் கேளுங்கள். தரவில்லை என்றால் அமைச்சில் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கம்பெனி போடவே இல்லை என்றால் நீங்களே நேரடியாக அறிவிக்கலாம். அதற்குக் கம்பெனியின் அனுமதி தேவையில்லை.

ஆனால் கம்பெனி போட்ட அறிக்கையே எல்லாம் முடித்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். நிரந்தர ஊனத்துக்கான மொத்தத் தொகைக்குக் கோரிக்கை, விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பதிவாகியிருக்க வேண்டும். ஊருக்குப் போய்விட்டு, கை மடங்கவில்லையே என்று ஒன்றரை வருடம் கழித்து நினைவு வருபவர்கள் இருக்கிறார்கள். காயம் ஆறியும் அசைவு சரியாக வரவில்லை என்று தோன்றிய அன்றே கோரிக்கையைப் போட்டுவிடுவது நல்லது. ஊனம் இல்லை என்று பின்னால் தெரிந்தால் நட்டம் ஒன்றுமில்லை.

மருத்துவச் செலவுக்கும் ஒரு எல்லை உண்டு: ஒரு வருடம், அல்லது 53,000 வெள்ளி, எது முதலில் வருகிறதோ அது. இந்த 53,000 என்பது 2025 நவம்பர் 1 அல்லது அதற்குப் பின் நடந்த விபத்துகளுக்கு. அதற்கு முந்திய விபத்துகளுக்கு 45,000. விபத்து நடந்த தேதிதான் அளவுகோல், பணம் கொடுக்கும் தேதி அல்ல.

சராசரி மாத வருமானம்: சண்டை போட வேண்டிய எண்

இதில் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது, அதுவும் சத்தமில்லாமல்.

விபத்துக்கு முந்திய 12 மாதத்தில் நீங்கள் சம்பாதித்ததைக் கூட்டி 12ஆல் வகுக்க வேண்டும். அதற்கும் குறைவான காலமே வேலை செய்திருந்தால் அந்தக் காலத்தின் சராசரி. அடிப்படைச் சம்பளம் மட்டுமல்ல, ஓ.டி. பணமும் அதில் சேரும். போக்குவரத்துப் படி, கைச்செலவுக்குத் திருப்பிக் கொடுத்த பணம் ஆகியவை சேராது. கட்டுமானத் தொழிலாளிக்கு மாத வருமானத்தில் பாதி ஓ.டி.யாகவே இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். கம்பெனி அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதி அனுப்பிவிட்டால், எம்.சி. சம்பளமும் மொத்தத் தொகையும் இரண்டுமே விழுந்துவிடும்.

ஒரு கணக்கு பாருங்கள். 30 வயதுத் தொழிலாளி. அடிப்படை 600 வெள்ளி, ஓ.டி.யோடு சராசரி 1,100. நிரந்தர ஊனம் 8 சதவீதம். மாத வருமானத்தை எதால் பெருக்குவது என்று வயதைப் பார்த்துச் சட்டம் வைத்திருக்கும் எண்தான் பெருக்கெண். 40 வயது வரை உள்ளவர்களுக்கு நிரந்தர ஊனத்தின் பெருக்கெண் 181.

1,100 × 181 = 1,99,100. அதில் 8 சதவீதம் 15,928 வெள்ளி.

கம்பெனி 600 என்று எழுதினால்: 600 × 181 = 1,08,600. இது சட்டம் வைத்திருக்கும் கீழ் எல்லையான 1,16,000க்கும் குறைவு. அதனால் 1,16,000ல் 8 சதவீதம், அதாவது 9,280 வெள்ளி.

ஒரே ஆள், ஒரே காயம். வித்தியாசம் 6,648 வெள்ளி. அதே சராசரியை எம்.சி. சம்பளத்துக்கும் எடுப்பார்கள். வாரம் 6 நாள் வேலை என்றால் 1,100க்கு ஒரு நாள் சம்பளம் சுமார் 42 வெள்ளி 30 காசு, 600க்கு 23 வெள்ளி சொச்சம்.

எனவே பே ஸ்லிப்களைத் தொடர்ந்து போனில் படமெடுத்து வைத்திருங்கள். சிங்கப்பூரில் ஓ.டி. நேரமும் ஓ.டி. பணமும் தனித்தனியாகக் காட்டிய சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். சீட்டு தராத கம்பெனி என்றால் வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த தொகை உங்கள் சாட்சி. வங்கியில் 12 மாத அறிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டைம் கார்டையும் சனி ஞாயிறு வேலை செய்த நாட்களையும் ஒரு நோட்டில் குறித்திருந்தாலும் உதவும். சில கம்பெனிகள் பாதியை வங்கியிலும் பாதியைக் கையிலும் கொடுக்கும். கையில் வாங்கிய பணத்துக்குக் கையெழுத்து போடும் வவுச்சரைக் கையெழுத்து போடும் முன்பே படமெடுங்கள். பிடித்தம் இருக்கும் இடங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சம்பளத்திலிருந்து பிடித்த பிறகு மிஞ்சியதைச் சராசரியாகக் காட்டக் கூடாது, சம்பாதித்த தொகையே கணக்கு.

பாயிண்ட்

ஊனத்தின் சதவீதத்தைத் தொழிலாளர்கள் 'பாயிண்ட்' என்பார்கள். "எனக்கு எட்டு பாயிண்ட் வந்தது" என்றால் 8 சதவீதம். பாயிண்ட் போடுவது டாக்டர், காப்புறுதி நிறுவனமோ கம்பெனியோ அல்ல. அமைச்சு வகுத்த மருத்துவ வழிகாட்டியின்படி அவர் போடுகிறார்.

சிகிச்சை ஓரளவு முடிந்து நிலை மாறாமல் நின்றபின் மதிப்பீடு நடக்கும். விபத்து நடந்து 6 மாதம் ஆனபின் இன்னும் நிலைபெறவில்லை என்றாலும், அன்றிருக்கும் நிலையை வைத்துப் பாயிண்ட் போட்டுவிடலாம் என்பது 2019 சட்டத்தில் வந்த மாற்றம். வருடக்கணக்கில் கேஸ் இழுத்ததைத் தடுக்கத்தான் இது. நல்லதுதான். ஆனால் இன்னும் ஒரு அறுவை சிகிச்சை பாக்கி இருப்பவர்கள் டாக்டரிடம் அதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

மதிப்பீட்டு அறையில் பெரிய விஷயம் எதுவும் நடக்காது. விரல் என்றால் டாக்டர் ஒரு சிறு கோணமானியை மூட்டின் மேல் வைத்து, மடக்குங்கள், நீட்டுங்கள் என்பார். எத்தனை பாகை மடங்குகிறது என்று எழுதிக்கொள்வார். பிடியின் வலு, உணர்ச்சி இருக்கிறதா, எலும்பு எங்கே வெட்டுப்பட்டது என்று எக்ஸ்ரேயைப் பார்ப்பார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வலி இருக்கிறது என்பதற்காக மட்டும் பாயிண்ட் ஏறாது. அளக்க முடிந்த குறை வேண்டும். சிலர் நண்பர்கள் பேச்சைக் கேட்டுப் பயிற்சி சிகிச்சைக்கு (பிசியோதெரபி) போகாமல் விட்டுவிடுகிறார்கள், விறைத்திருந்தால் பாயிண்ட் கூடும் என்று. இது மோசமான யோசனை. தவறவிட்ட தேதிகள் மருத்துவக் குறிப்பில் இருக்கும், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும், கையும் போகும்.

பாயிண்ட் 100 என்றால், பராமரிப்புச் செலவுக்காகக் கூடுதலாக 25 சதவீதம் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் முழு ஊனத்துக்கான மேல் எல்லை 3,46,000 வெள்ளி. அதற்கு முன்பு கீழ் எல்லை 97,000, மேல் எல்லை 2,89,000. வயது 40ஐத் தாண்டினால் பெருக்கெண் படிப்படியாகக் குறைந்து, 66 வயதும் மேலும் என்றால் 72ல் நிற்கும்.

கணக்கீட்டு நோட்டீஸ்: 14 நாள்

பாயிண்ட் வந்தபின் கணக்கீட்டு நோட்டீஸ் வரும். முழு நடைமுறையிலும் மிக முக்கியமான தாள் இதுதான். உங்கள் சராசரி வருமானம், பெருக்கெண், சதவீதம், வரும் தொகை நான்கும் அதில் இருக்கும். கடைசி எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாமல் நான்கையும் தனித்தனியே சரிபாருங்கள். பிறந்த தேதியும் விபத்துத் தேதியும் தவறாக இருந்து பழைய எல்லைகளின்படி கணக்கிடப்பட்டிருக்கலாம்.

ஆட்சேபம் இருந்தால், நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்களைப் போலவே கம்பெனிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அந்த உரிமை உண்டு. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் நோட்டீஸ் சேர்ந்த 21 நாளுக்குள் பணம் வந்துவிட வேண்டும். 14 நாளில் யோசிக்கலாம் என்று விட்டுவிட்டால் நோட்டீஸே உத்தரவு போல ஆகிவிடும். அறை மாற்றி வேறு தங்குவிடுதிக்குப் போயிருந்தால் முகவரியை அமைச்சில் மாற்றிவிடுங்கள். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய், நாள் ஓடிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

சராசரி வருமானம் தவறு என்று ஆட்சேபித்தால் ஆவணங்கள் பேசும். பாயிண்ட் குறைவு என்று ஆட்சேபித்தால் மருத்துவ வாரியம் மறுபடி பார்க்கும். அதில் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். இரண்டு பாயிண்ட் கூடட்டுமே என்று மேலோட்டமாக ஆட்சேபிப்பவர்களுக்கு நம் யோசனை, அறுவை செய்த டாக்டரிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதுதான். சராசரி வருமானம் தவறாக இருந்தால் தயங்காமல் ஆட்சேபியுங்கள். அங்கே உங்கள் பக்கம் தாள் இருக்கிறது.

விபத்தே நடக்கவில்லை, வேலையில் நடக்கவில்லை என்று கம்பெனி மறுத்தால் அமைச்சின் விசாரணைக்குப் போகும். முதலில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும் கூட்டம், தீராவிட்டால் முறையான விசாரணை. வாட்ஸ்அப் செய்தி, முதல் மருத்துவக் குறிப்பு, பார்த்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் அன்றுதான் உதவிக்கு வரும். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று காட்டிவிட்டால், அது வேலையால் நடந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு.

கம்பெனியோடு 'பேசி முடிப்பது'

"2,000 வெள்ளி தருகிறோம், இதில் கையெழுத்து போட்டுவிட்டு ஊருக்குப் போ" என்பது அடிக்கடி வரும் பேச்சு. சட்டப்படியான இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக நீங்கள் தனியாக எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. ஆனாலும் செல்லாது என்று பிறகு நிரூபிக்க நீங்கள் சிங்கப்பூரில் இருக்க வேண்டும், ஊரில் உட்கார்ந்துகொண்டு அது எளிதல்ல. தீர்வு எதுவானாலும் அமைச்சின் வழியாக எழுத்தில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் இருக்கும் தாளில் புரியாமல் கையெழுத்து வேண்டாம், வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம். இழப்பீட்டுத் தொகையை உங்கள் கடனுக்காக வேறு யாரும் ஜப்தி செய்யவும் முடியாது, கம்பெனி மருத்துவச் செலவுக்கென்று அதில் கழிக்கவும் முடியாது.

வக்கீல் தேவையா? விக்காவில் பொதுவாகத் தேவையில்லை. கணக்கு சூத்திரத்தில் இருக்கிறது, வக்கீல் பேசினால் 181 என்பது 200 ஆகாது. லிட்டில் இந்தியாவில் சுற்றும் சில தரகர்கள் "நாங்கள் அதிகம் வாங்கித் தருகிறோம்" என்று அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்குவார்கள், பிறகு வரும் பணத்தில் பங்கு போகும். வக்கீல் உண்மையாகத் தேவைப்படுவது சிவில் வழக்குக்குத்தான். அதில் கம்பெனியின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும். உங்கள் பங்கிலும் தவறு இருந்தால் தொகை குறையும், தோற்றால் செலவு உங்கள் தலையில். ஆனால் வலிக்கும் எதிர்கால வருமான இழப்புக்கும் தனியாகக் கேட்கலாம், சட்டம் வைத்த மேல் எல்லை கிடையாது. விபத்திலிருந்து 3 வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். விக்காவும் சிவில் வழக்கும் இரண்டும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய காயம், கம்பெனியின் தவறு கண்ணாடி போலத் தெரிகிறது, சாட்சி கையில் இருக்கிறது, காத்திருக்க வசதியும் இருக்கிறது என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். மற்றவர்களுக்கு விக்கா.

பெர்மிட் ரத்தானால்

கேஸ் போட்டதும் பெர்மிட்டை ரத்து செய்யும் கம்பெனிகள் உண்டு. பெர்மிட் போனால் கேஸ் போய்விடாது. சிகிச்சைக்கும் கோரிக்கைக்கும் நீங்கள் இருக்க வேண்டியிருந்தால் அமைச்சு ஸ்பெஷல் பாஸ் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதி) தரும். அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. ஆனால் ஊருக்கு அனுப்பும்வரை சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம் மூன்றும் முதலாளியின் பொறுப்புதான். நடைமுறையில் சில கம்பெனிகள் அறையை விட்டு வெளியேற்றிவிடும். அப்போது அமைச்சிடம் புகார், கூடவே வெளிநாட்டு ஊழியர் நிலையம், டி.டபிள்யு.சி.2, ஹோம் போன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் அமைப்புகள். லிட்டில் இந்தியாவில் இப்படி வேலையில்லாமல் நிற்பவர்களுக்கு டி.டபிள்யு.சி.2 பல வருடமாக இலவசச் சாப்பாடு போடுகிறது. அங்கே போனால் உங்களைப் போலவே கையில் கட்டோடு ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், கேஸ் எப்படிப் போகிறது என்ற பேச்சும் கிடைக்கும். அவர்கள் சொல்வதெல்லாம் உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல் தேதிகளை மட்டும் உங்கள் தாளில் சரிபாருங்கள்.

வலுக்கட்டாயமாக விமான நிலையத்துக்குக் கொண்டுபோனால் குடிநுழைவு அதிகாரியிடம், "எனக்குக் காயக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுதி போனில் வைத்திருப்பது நல்லது.

நீங்களாகவே ஊருக்குப் போக விரும்பினால் போகலாம், கேஸ் தொடரும். ஆனால் பாயிண்ட் போடும் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிட்டுப் போங்கள். ஊர் முகவரி, வாட்ஸ்அப் எண், வங்கிக் கணக்கு விவரத்தை எழுத்தில் அமைச்சுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் கொடுங்கள். எம்.சி., எக்ஸ்ரே, பே ஸ்லிப், நோட்டீஸ் எல்லாவற்றையும் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று ஊரில் வீட்டாரின் போனில்.

உயிர் போனால்

வேலையிட விபத்தில் இறந்தால் கம்பெனி உடனே அறிவிக்க வேண்டும். 40 வயது வரை உள்ளவருக்குப் பெருக்கெண் 136. சராசரி 1,100 வெள்ளி வாங்கிய 35 வயதுக்காரருக்கு 1,100 × 136 = 1,49,600 வெள்ளி. கீழ் எல்லை 91,000, மேல் எல்லை 2,69,000. 2025 நவம்பருக்கு முந்திய மரணங்களுக்கு 76,000க்கும் 2,25,000க்கும் இடையில். இங்கும் ஓ.டி. சேர்ந்த சராசரிதான் கணக்கு. அதனால் இறந்தவரின் போனிலும் பெட்டியிலும் இருக்கும் சம்பளச் சீட்டுகளைக் கம்பெனி ஆள் எடுத்துச் செல்லும் முன் அறை நண்பர்கள் எடுத்து வைக்க வேண்டும்.

பணம் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என வாழ்வாதாரம் சார்ந்திருந்தவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். குடும்பம் உறவை நிரூபிக்க வேண்டும். திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, தாசில்தார் அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை உடனே சேகரியுங்கள். பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், ஆதாரில் முதலெழுத்து மட்டும், திருமணச் சான்றில் வேறு எழுத்து என்று வந்தால், அதைத் தீர்க்கும் பிரமாணப் பத்திரத்துக்காகவே மாதங்கள் ஓடிவிடும். குடும்பத்தில் ஒருவர் மட்டும், அதுவும் மனைவியை விட்டுவிட்டு, எல்லாப் பணத்தையும் தன் கணக்குக்குக் கேட்பது நடக்கும் விஷயம். பிரிப்பது அங்குள்ள அதிகாரிகளின் வேலை, ஆகவே மனைவியின் கணக்கு விவரத்தையும் பிள்ளைகளின் விவரத்தையும் அவரே தனியாக அனுப்பிவிட வேண்டும்.